‘பேண்டேஜ் துணி மொத்த விலை’ துட்டிக்குப் போன கதை

“அம்புட்டுதானா? இதுக்கா பதினஞ்சு வருசம் படிச்ச?”

கேட்டவர் என் அப்பா. கூமாப்பட்டியில் தென்னந்தோப்புக் காவல் பார்க்கிறவர்; பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். எங்கள் வீட்டில் பேனா பிடித்த முதல் ஆள், அவருடைய மூத்த மகளான நான்தான் (இதை நானே பத்துப் பேரிடம் சொல்லியிருப்பேன், விடுபட்டவர்களிடம் அம்மா சொல்லிவிட்டாள்). ராஜபாளையத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் எழுத்து வேலை கிடைத்ததும், “நீ எழுதுனத வாசிச்சுக் காட்டு, கேப்போம்” என்று அப்பா ஆசையாக உட்கார்ந்தார். நான் போனைத் திறந்து வாசித்தேன்: “அருமையான பதிவு. மிகவும் ரசித்தேன். மீண்டும் மீண்டும் வருவேன்.”

அன்று மட்டும் அதையே எழுபது இடத்தில் எழுதியிருந்தேன் என்பதை நான் சொல்லவில்லை.

வேலை இதுதான். எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் பேண்டேஜ் துணி நெய்து விற்பவர். இணையத்தில் யார் தேடினாலும் அவருடைய தளம்தான் முதலில் வர வேண்டும். அதற்காக நான் அடுத்தவர்களின் வலைப்பூக்களுக்குப் போய், பதிவுகளுக்குக் கீழே கமெண்ட் போட வேண்டும். பெயர் கேட்கிற இடத்தில் என் பெயர் கிடையாது. ‘பேண்டேஜ் துணி மொத்த விலை’ என்று போட வேண்டும். அந்தப் பெயரைத் தொட்டால் அவருடைய தளம் திறக்கும். இப்படிப் பல இடங்களிலிருந்து வழி வைத்தால், தேடுபொறி அவரைப் பெரிய ஆள் என்று நம்பி மேலே தூக்கி வைக்கும் என்பது எங்கள் மேனேஜரின் நம்பிக்கை. பதிவைப் படிக்க நேரம் கிடையாது. கவிதையா, ராசிபலனா, மூட்டுவலி மருந்தா, எல்லாமே எனக்கு அருமைதான்.

அப்படித்தான், தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரின் வலைப்பூவிலும் ஐந்து பதிவுகளில் போட்டேன். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துக்காரர். ஐந்தாவது பதிவு, அவருடைய மனைவி இறந்த செய்தி.

எங்கள் பக்கம் துட்டி வீட்டுக்கு, அதாவது சாவு வீட்டுக்குப் போனால் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்துவிட்டு, சொல்லாமல் எழுந்து வர வேண்டும். ‘வாரேன்’ என்ற சொல்லே அங்கே ஆகாது. நானோ, ரசித்ததாகவும், மீண்டும் மீண்டும் வருவதாகவும் எழுதிக் கொடுத்திருந்தேன்.

பெரியவர் பதில் வேறு போட்டிருந்தார்: “அன்புள்ள பேண்டேஜ் துணி மொத்த விலை அவர்களுக்கு, தங்கள் வருகைக்கு நன்றி.”

மறுநாள் பேண்டேஜ் முதலாளி எங்கள் ஆபீஸ் படியேறி வந்தார். மூச்சு வாங்கியது படியால் அல்ல.

“அந்த அக்கா கையால தின்னு வளந்தவன் நானு. அவிய செத்தத என் கடை ரசிச்சிருக்காம். நான் அழுதுக்கிட்டே அங்க எழுதிப் போட்டதக் காணோம். நீங்க எழுதுனது மட்டும் சம்மணம் போட்டு உக்காந்திருக்கு.”

மேனேஜர் உடனே என்னைக் கைகாட்டினார் (நேற்றுவரை ‘நம்ம டீம்’, இன்று ‘இந்தப் பிள்ளதான் சார்’).

“நாளைக்குள்ள இந்தப் பிள்ள அவிய வீட்டுக்குப் போயி மன்னிப்புக் கேட்டு, அத அழிச்சிட்டு வரணும். இல்லன்னா உங்க சங்காத்தமே வேண்டாம்.”

அவர் போய்விட்டால் என் வேலையும் போய்விடும். எங்கள் வீட்டில் படித்த முதல் ஆள், வேலையிலிருந்து விரட்டப்பட்ட முதல் ஆளாகவும் ஆகிவிடுவேன்.

மறுநாள் காலை மடவார் வளாகத்தில் அந்தக் கதவைத் தட்டினேன். பெரியவரின் மகள் திறந்தார்.

“யாரு?”

என் பெயரைச் சொன்னால் தெரியாதே என்று யோசித்தேன். பயத்தில் வாய், “பேண்டேஜ் துணி மொத்த விலை” என்றது.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்பக்கம் திரும்பினார். “யப்பா, வருவேன்னு எழுதுனவ வந்துட்டா.”

பெரியவர் என்னை உட்காரச் சொன்னார். “நீ ஆளாம்மா? கடைன்னு நெனச்சுல்லா பதில் போட்டேன். தபால் ஆபீஸ்ல இருந்தவன், வந்த லெட்டருக்குப் பதில் போடாட்டா எனக்கு ஒறக்கம் வராது.”

யோசித்து வைத்திருந்த மன்னிப்பு வசனம் எல்லாம் மறந்துபோய், அழுகை மட்டும் வந்தது. அழுதுகொண்டே அவருடைய கம்ப்யூட்டரில் என் கமெண்டை அழித்தேன். பிறகு ஒரு சந்தேகத்தில் ஸ்பேம் பெட்டியைத் திறந்தேன். கண்ட குப்பையையும் வலைப்பூ தானாகவே ஒதுக்கித் தள்ளும் இடம் அது. என்னுடைய மற்ற நான்கு ‘அருமை’களும் அங்கே கிடந்தன; துட்டிப் பதிவில் போட்டது மட்டும் எப்படியோ தப்பியிருந்தது. அவற்றுக்கு நடுவில் முதலாளி எழுதியதும் கிடந்தது. அவரும் தன் கடையின் தள முகவரியைப் போட்டுத்தான் எழுதியிருந்தார். ஊரெல்லாம் போட்டு நான் கெடுத்து வைத்த முகவரி, அவருடைய துக்கத்தையும் குப்பையில் சேர்த்துவிட்டது.

“அக்கா, தறியிலேருந்து பசிச்சு வந்தா, சாப்பிட்டியான்னு கேக்காம தட்டை வைப்பீங்க. இனி யாரு வைப்பா?”

நான் அதை மீட்டுப் பதிவின் கீழே வைத்தேன். பெரியவர் இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு போனை எடுத்து முதலாளியைக் கூப்பிட்டார்.

“ஏலே, நீ எழுதுனது வந்துருச்சுலே. இந்தப் பிள்ளதான் தேடி எடுத்துக் குடுத்துச்சு. இவள ஏசாத, வேலையில இருக்கட்டும்.”

அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது. முறைப்படி, ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து வெளியே வந்தேன். அந்த ஒன்றையாவது சரியாகச் செய்த பெருமையோடு பஸ் ஸ்டாண்டு வரை நடந்த பிறகுதான், போனை அவருடைய மேசையிலேயே விட்டுவந்தது தெரிந்தது.

திரும்பிப் போனபோது மகள் அதைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

“யப்பா, மீண்டும் மீண்டும்னுல்லா எழுதியிருந்தா. சொன்ன சொல்லு மாறாதவ.”

உள்ளே பெரியவர் சிரிப்பது கேட்டது. மகளும் சிரித்தார், சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இப்போதும் நான் வேலைக்குக் கிளம்பினால் என் தங்கை கேட்கிறாள்: “எக்கா, ஒரு தடவ வருவியா, மீண்டும் மீண்டும் வருவியா?”

பிறகு தேடிப் படித்ததில் இன்னொன்றும் தெரிந்தது. பெரும்பாலான வலைப்பூக்கள், கமெண்டில் வரும் இணைப்புகளைப் பொருட்படுத்த வேண்டாம் என்று தேடுபொறியிடம் முன்பே சொல்லி வைத்திருக்கின்றனவாம். இரண்டு மாதம் ஊரெல்லாம் பாராட்டித் தள்ளியும் முதலாளியின் தளம் ஒரு படிகூட ஏறவில்லை. மேனேஜரிடம் சொன்னேன். அவர், “அப்ப நீயே ஏதாவது உருப்படியா எழுது” என்றார். இப்போது முதலாளியின் தளத்தில், எந்தக் காயத்துக்கு எந்தத் துணி என்று அவரையே கேட்டு எழுதுகிறேன்.

கமெண்ட் போட்ட இடங்களின் பட்டியல் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒவ்வொரு பதிவாக முழுக்கப் படித்து, என் சொந்தப் பெயரில் மன்னிப்புக் கேட்டு வருகிறேன். நேற்று ஒரு சமையல் பதிவரின் முறை. அவர் எழுதியிருந்தபடியே மீன்குழம்பு வைத்துச் சாப்பிட்டுப் பார்த்தேன். பழைய கமெண்டை அழித்துவிடும்படி கேட்டு, புளி கொஞ்சம் அதிகம் என்பதையும் சேர்த்து எழுதி அனுப்பிவிட்டேன்.