மூன்று வயரையும் மாற்றிய மாப்பிள்ளை

எங்கள் வீட்டில் பல்பு ஃபியூஸ் போனால் என் மனைவி ஜெனிபர்தான் ஸ்டூல் மேல் ஏறுவாள். ஸ்டூலைப் பிடித்துக்கொள்வது மட்டும் என் வேலை. நான் படித்தது எலெக்ட்ரிகல் இன்ஜினியரிங். இந்த அவமானத்துக்கு எனக்கு முழுத் தகுதி உண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

கல்யாணத்துக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அடையாறிலிருந்து மயிலாப்பூரில் இருந்த அவள் வீட்டுக்குப் பெண் கேட்டுத் தனியாகப் போனேன். (அப்பா அம்மாவை அழைத்துப் போகிற அளவுக்கு விஷயம் இன்னும் கனியவில்லை.) அவளுடைய அப்பா அருளப்பன் வீட்டுக்குப் பின்னால் பட்டறை வைத்திருந்தார். தேவாலயங்களுக்குப் பித்தளை மெழுகுவர்த்தி ஸ்டாண்டு செய்து பாலிஷ் போட்டுத் தருவது தொழில். அவருக்கு என் மேல் ஒரே ஒரு குறை. "எந்நேரமும் கம்ப்யூட்டர் முன்னாடியே உக்காந்திருக்கற பையன். கையால ஒரு வேலை தெரியாதவனுக்கு எப்படிம்மா பொண்ணு குடுக்கறது?" என்று ஜெனிபரிடம் சொல்லியிருந்தார்.

நான் போனபோது, காலைப் பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையைக்கூட மாற்றாமல் பட்டறையில் நின்றுகொண்டிருந்தார்.

"தெருவுல கேபிள் மாத்தினாங்க தம்பி. அதுலேர்ந்து பாலிஷ் மோட்டார் ரிவர்ஸ்ல சுத்துது."

அந்த மோட்டாரில் துணியாலான வட்டச் சக்கரத்தை மரையில் முறுக்கி மாட்டியிருப்பார்கள். எதிர்ப்பக்கம் சுற்றினால் சக்கரம் தானே கழன்றுவிடும். சாயங்காலம் தேவாலயத் திருவிழாக் கொடியேற்றத்துக்கு முன்னால் பன்னிரண்டு ஸ்டாண்டுகள் போய்ச் சேர வேண்டும். எலெக்ட்ரீஷியன் போனை எடுக்கவில்லை.

"மோட்டாரெல்லாம் படிச்சிருக்கீங்கல்ல?"

"அதுல டிஸ்டிங்ஷன் அங்கிள்" என்றேன். (மார்க்கை யாரும் கேட்கவில்லை.)

இந்த மாதிரி மோட்டாரின் திசையைத் திருப்ப, உள்ளே வரும் மூன்று வயர்களில் ஏதாவது இரண்டை இடம் மாற்றினால் போதும். பரீட்சையில் படம் போட்டு எழுதியிருக்கிறேன். ஆனால் பெண்ணின் அப்பா பக்கத்தில் நிற்கும்போது இரண்டோடு நிறுத்த மனம் வரவில்லை. இரண்டை மாற்றினாலே திரும்பும் என்றால், மூன்றையும் மாற்றினால் இன்னும் உறுதியாகத் திரும்பும் என்று தோன்றிவிட்டது. மெயினை அணைத்தேன். (நாலு வருடப் படிப்பில் வீணாகாத பகுதி இதுதான்.) சிவப்பு இருந்த இடத்தில் மஞ்சள், மஞ்சள் இருந்த இடத்தில் நீலம், நீலம் இருந்த இடத்தில் சிவப்பு. ஒரு வயரைக்கூடப் பழைய இடத்தில் விட்டுவைக்கவில்லை.

ஸ்விட்சைப் போட்டேன். மோட்டார் பழையபடியே ரிவர்ஸில் சுற்றியது. சக்கரம் கழன்று கீழே விழுந்தது.

"லூஸ் கனெக்‌ஷன்" என்று அறிவித்துவிட்டு மறுபடி மூன்றையும் ஒவ்வோர் இடம் நகர்த்தினேன். சக்கரம் மறுபடி விழுந்தது. மூன்றாவது முறையும் அப்படியே நகர்த்தியதில், வயர்கள் புறப்பட்ட இடத்துக்கே போய்ச் சேர்ந்துவிட்டன. அதைக் கவனிக்கிற நிலையில் நான் இல்லை.

"கிட்ட வந்து பாருங்க அங்கிள்" என்றேன்.

வந்தார். இந்தத் தடவை சக்கரம் துள்ளி அவர் நெஞ்சில் மோதி, பாலிஷ் கறுப்பை வட்டமாகப் பதித்து, வயிறு வழியாக உருண்டு இறங்கியது. துணிச் சக்கரம் என்பதால் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. சட்டைதான் போய்விட்டது.

கதவோரம் ஜெனிபர் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது. கல்யாணம் இத்தோடு முடிந்தது என்றே நினைத்தேன்.

பல வருடமாக அங்கே பாலிஷ் போடும் தனம் அக்கா, மூலையில் ஸ்டாண்டு துடைத்துக்கொண்டிருந்தவர், எழுந்து வந்தார்.

"இன்னா சார், மூணையும் சுத்திச் சுத்தி மாத்திக்கினு கீற? ரெண்ட மாத்து. ஒண்ண சும்மா உடு."

"தெரிஞ்சா முன்னாடியே சொல்லியிருக்கலாமேக்கா?"

"நீ இஞ்சினீரு. இன்னாமோ புச்சா செய்யப்போறேன்னு பாத்துக்கினு இருந்தேன்."

என் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை வாங்கி அவரே இரண்டு வயர்களை மாற்றினார். மோட்டார் சரியாகச் சுற்றியது. (மூன்றையும் ஒவ்வோர் இடம் நகர்த்தினால் வயர்களின் சுற்று வரிசை மாறாது, அதனால் திசையும் மாறாது என்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.) அருளப்பன் அங்கிள் சட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நாளைக்கு என் பொண்ணுகிட்ட ஒரு தப்பு பண்ணாலும், அதையே மூணு தடவை பண்ணுவீங்களா தம்பி?"

"இல்ல அங்கிள். மொதல் தடவையே தனம் அக்காவக் கேட்டுப்பேன்."

அவர் சிரித்துவிட்டார். அன்று பன்னிரண்டு ஸ்டாண்டுகளையும் துடைத்து, கோயில் வாசல்வரை தூக்கிப்போனது நான்தான். திரும்பி வரும்போது, "அடுத்த வாரம் அப்பா அம்மாவக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

அந்தக் கறை போகவே இல்லை. தனம் அக்கா அந்த வெள்ளைச் சட்டையை வட்ட வட்டமாக வெட்டி, அடுக்கித் தைத்து, அதே மோட்டாருக்குச் சக்கரமாக்கிவிட்டார். இன்றும் எங்கள் வீட்டில் சாம்பாரில் யாராவது இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டால், "மூணையும் மாத்தியாச்சா?" என்றுதான் கேட்பார்கள்.

கல்யாணத்துக்குத் தனம் அக்கா ஒரு ஸ்க்ரூ டிரைவர் செட் பரிசளித்தார். அட்டைப்பெட்டி மேல் ஜெனிபர் பெயர் மட்டும்தான் எழுதியிருந்தது.