முதற்கும்பிடு கரடியார் இடுப்பு மாற்றிக்கொண்ட கதை

இக்கதை இராசகனி அம்மையார் சொல்லக் கேட்டது. அம்மையார் தென்மாவட்ட ஊரொன்றின் எலும்பு மருத்துவமனையில், நோயாளிகளுக்கு நடைபழக்கும் பிரிவில் உதவியாளர். அப்போது அகவை ஐம்பத்தெட்டு. கேட்ட நாள் 2016 ஆவணி மாதத்து ஒரு செவ்வாய் முற்பகல். கதையின் நடுவே அம்மையார் இருமுறை எழுந்து போய் இரு நோயாளிகளை நடத்திவிட்டு வந்து, விட்ட சொல்லிலிருந்தே தொடர்ந்தார். உரையாடல்கள் அவர் வாய்மொழியிலேயே தரப்பட்டுள்ளன; விலங்குகள் திருநெல்வேலிப் பேச்சுப் பேசுவது அதனால்தான்.

ஒரு காட்டில் ஒரு சிங்கம் அரசாண்டது. நாள்தோறும் காலையில் விலங்குகள் எல்லாம் அவை கூடி அரசரின் காலில் விழுந்து எழ வேண்டும். ஆயினும் நினைத்தவர் நினைத்தபடி விழுந்துவிட இயலாது. முதலில் ஒருவர் விழ வேண்டும். அவர் நெற்றி தரையைத் தொட்ட பின்னரே பிறர் முதுகு வளையலாம். இவ்வுரிமைக்கு முதற்கும்பிடு என்று பெயர். முப்பத்திரண்டு ஆண்டுகளாக அது குழைக்காதர் என்னும் கரடியாரிடம் இருந்தது. அதற்குரிய மானியம், தெற்குச் சரிவில் பதினெட்டு அடைகள் தொங்கும் ஒரு தேன்மரம். கரடியாரும் அவர் மனைவி ஆவுடையம்மையும் உண்டதும் உடுத்ததும் அந்த மரத்தால்தான்.

அரசரும் ஆண்டுக்கு ஒருமுறை, மாசி மாதத்தில், கீழைக்காட்டுப் பேரரசராகிய யானையின் காலில் விழுந்துவிட்டு வருவார். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அன்று காட்டுக்கு விடுமுறை.

முப்பத்து மூன்றாம் ஆண்டில் கரடியாருக்கு இடுப்பு வலி கண்டது. விழுவதில் குறையில்லை, எழுவதில்தான் குறை. ஒருநாள் நெற்றி தரையில் பட்டபடியே நெடுநேரம் கிடந்தார். அரசர் மனம் நெகிழ்ந்து, "குழைக்காதரின் விசுவாசம் வருசத்துக்கு வருசம் நீண்டுக்கிட்டே போகுதே" என்றார். இரண்டாங்கும்பிடுக்கு உரியவராகிய மாசானம் என்னும் நரியார் மட்டும் தலையைச் சற்றே திருப்பி, கரடியாரின் இடுப்பைப் பார்த்தார்.

ஆவுடையம்மை வேப்பெண்ணெய் தேய்த்துப் பார்த்தாள். நொச்சியிலை ஒத்தடம் கொடுத்துப் பார்த்தாள். கடைசியில் எலும்பு வைத்தியத்தில் பேர்போன மரங்கொத்தியிடம் அழைத்துப் போனாள். மரங்கொத்தி படம் எடுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தது.

"பந்து தேஞ்சு கிண்ணத்தோட உரசிக்கிட்டு இருக்கு. மாத்தணும். என்ன வேலை பாக்கீங்க?"

"கும்பிடுதேன்" என்றார் கரடியார்.

"அது தெரியும். வேலை?"

"அதான் வேலை."

மரங்கொத்தி படிவத்தில் ‘கடின உடலுழைப்பு’ என்று எழுதியது.

கரடியாருக்கு ஒரே ஒரு கவலைதான். தை முதல் நாளில் ஆண்டுப் பேரவை கூடும். அன்று முதற்கும்பிடு போடுபவருக்கே அடுத்த ஓராண்டுக்குத் தேன்மரம். போடத் தவறினால் மரம் நரியாருக்குப் போய்விடும். ஆகவே அவர் கேட்டார்: "தை ஒண்ணாந் தேதி சபைக்குப் போயிரலாமா டாக்டர்?"

"கார்த்திகை இருபதுல வெச்சுக்கிட்டா நாப்பது நாள் இருக்கு. தாராளமா நடந்து போகலாம்."

போகலாமா என்று கேட்டவர், போனபின் குனியலாமா என்று கேட்கவில்லை. முப்பத்திரண்டு ஆண்டுப் பழக்கத்தில், குனிவது தனியாக ஒரு செயல் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. கழுத்தின் மேல் தலை இருப்பது போல அது தானே நடக்கும் என்று நினைத்துவிட்டார். ஒப்புதல் படிவத்தில் எல்லாம் எழுதித்தான் இருந்தது. பதினொரு பக்கம். கரடியார் கடைசிப் பக்கத்தில் கைநாட்டு வைத்தார்.

பின்னர் ஆயத்தங்கள் தொடங்கின. இதயம் தாங்குமா என்று முயலிடம் சான்று வாங்கினர்; அங்கே எட்டுப் பேர் வரிசையில் இருந்தனர். சொத்தைப் பல் இருந்தால் சீழ் இடுப்புக்கு இறங்கும் என்று பல்லைப் பார்த்து இரண்டைப் பிடுங்கினர். இரத்தத்தில் சர்க்கரை பார்த்த கீரி, "தேன் சாப்பிடுவீங்களோ?" என்று கேட்டது.

"எப்பவாவது" என்றார் கரடியார்.

"இதுல மூணு மாசத் தேனும் தெரியும்" என்றது கீரி.

ஆவுடையம்மை அன்றே அடைகளைப் பரணில் ஏற்றினாள். குகை வாசலில் கிடந்த கூழாங்கற்களைப் பொறுக்கி, வழுக்கும் பாசியைச் சுரண்டினாள். உட்கார்ந்தால் முழங்காலைவிட இடுப்பு உயர்ந்திருக்க வேண்டும் என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தபடியால், அடிமரத்தைக் குடைந்து உயரமான நாற்காலி ஒன்றும் செய்து வைத்தாள்.

முந்தின நாள் நரியார் ஆறு ஆரஞ்சுப் பழங்களோடு நலம் விசாரிக்க வந்தார்.

"பயப்படாதீங்க அண்ணாச்சி. எங்க புதருக்குப் பக்கத்துல முள்ளம்பன்றிக்கும் இதே ஆபரேசன்தான். நல்லாத்தான் செஞ்சாங்க."

"இப்ப எப்படி இருக்காரு?"

"அதை எதுக்கு இப்பப் போய்க் கேட்டுக்கிட்டு? ஆரஞ்சு சாப்பிடுங்க." நரியார் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "மெதுவாத் தேறி வாங்க. மரத்தை நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

ஆவுடையம்மை உள்ளிருந்து சொன்னாள்: "மரத்தை யாரும் பாக்க வேண்டாம். அது எங்கயும் ஓடிப் போகாது."

மறுநாள் இடுப்புக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டு, மாற்ற வேண்டிய பக்கத்தில் அம்புக்குறி வரைந்து, நடுவில் திரை கட்டினர். கரடியார் விழித்துக்கொண்டுதான் இருந்தார். திரைக்கு அப்பால் டொக் டொக்கென்று சத்தம் கேட்டது.

"யார் வீட்டுக்குங்க வாசல் நெலை வைக்காங்க?"

"உங்க வீட்டுக்குத்தான். பேசாமப் படுங்க" என்றது மரங்கொத்தி.

அடுத்த நாளே நாரை வந்து அவரை எழுப்பி நிறுத்தியது. நடைபழக்குவதில் நாரைக்கு இணையில்லை. அளந்துதான் அடியெடுத்து வைக்கும். நான்கு கால் ஊன்றிய நடைச்சட்டம் ஒன்றைக் கையில் கொடுத்து, "முதல்ல சட்டம், அப்புறம் புதுப்பந்து வெச்ச கால், அப்புறம் நல்ல கால். மேட்டுல ஏறும்போது நல்ல கால் முன்னால. பள்ளத்துல இறங்கும்போது வெச்ச கால் முன்னால" என்றது. கரடியார் வாசல் வரை போய்த் திரும்பினார். ஆவுடையம்மை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு நாரை விரல்விட்டு எண்ணாமல் ஒரே மூச்சில் சொல்லிற்று:

"மூணு மாசத்துக்குத் தரையில உக்காரக் கூடாது, கால் மேல கால் போடக் கூடாது, கீழ விழுந்ததை எடுக்கக் கூடாது, தொண்ணூறு பாகைக்கு மேல குனியவே கூடாது."

கரடியாரின் முகம் வாடியது. "அப்பம் கும்பிடு?"

"நின்னுக்கிட்டே கும்பிடுங்க."

"நின்னுக்கிட்டு செஞ்சா அது வணக்கம்லா தாயி. கும்பிடுன்னா நெத்தி தரையில படணும்."

"பட்டா பந்து கிண்ணத்தை விட்டு வெளிய வந்துரும். மறுபடியும் டொக் டொக்."

நாற்பது நாளும் கரடியார் இரண்டு நினைவுகளுக்கு நடுவே கிடந்தார். விழுந்தால் இடுப்பு போகும். விழாவிட்டால் மரம் போகும். தையல் பிரித்தாயிற்று, கால்களுக்கு இடையே தலையணை வைத்துத் தூங்கப் பழகியாயிற்று, நடைச்சட்டத்தோடு ஓடைவரை போய்வரவும் ஆயிற்று. ஒருநாள் மனைவி பார்க்காத நேரத்தில் மெல்லக் குனிந்து ஒத்திகை பார்த்தார். தொண்ணூறு பாகையை அளந்துகொள்ள நாரை கொடுத்துப் போயிருந்த மூலைமட்டப் பலகை அவர் வயிற்றில் இடித்தது. அதைப் பிடித்திருந்தவள் ஆவுடையம்மை.

"மரம் போனா வேற மரம் பாப்போம்" என்றாள்.

"வேற மரத்துல வேற கரடி இருக்குமே."

"இருந்தா அதுக்கும் ஒருநாள் இடுப்பு வலிக்கும். நீங்க நிமிருங்க."

பேரவை நாள் வந்தது. மரங்கொத்தி ஒரு சான்றிதழ் எழுதி, பச்சை மையில் கையெழுத்திட்டு, வட்ட முத்திரை குத்திக் கொடுத்தது. கரடியார் அதை மடித்து வைத்துக்கொண்டார். ஆயினும் விழுந்துவிடுவது என்றே உள்ளூர முடிவு செய்திருந்தார். நடைச்சட்டம், வைத்த கால், நல்ல கால் என்று அரசரின் பாறையை அடைந்தார். பின்னால் உயரமான நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஆவுடையம்மை வந்தாள்.

அவை முழுதும் அவர் முதுகையே பார்த்தது. கரடியார் குனியத் தொடங்கினார். பின்னிருந்த விலங்குகளும் ஆயத்தமாகப் பாதி குனிந்தன. மூலைமட்டத்தின் அளவு வந்த இடத்தில் இடுப்புக்குள் ஏதோ இலேசாகச் சொடுக்கியது. டொக் டொக் என்ற அந்தச் சத்தம் அவர் காதுக்குள் எழுந்தது. கரடியார் சட்டென்று நிமிர்ந்துவிட்டார்.

முதற்கும்பிடு விழாமல் மற்றவர் விழலாகாது. குனியத் தொடங்கியவர் எழவும் விதியில்லை. ஆகவே மானும் காட்டெருமையும் மிளாவும் பாதி வளைந்த முதுகோடு அப்படியே நின்றன. காட்டெருமை மூச்சு வாங்கியது.

"என்ன குழைக்காதரே?" என்றார் அரசர்.

கரடியாருக்கு நாற்பது நாளும் கேட்டுக் கேட்டு மனப்பாடமாகியிருந்த ஒன்றுதான் வாயில் வந்தது. "மூணு மாசத்துக்குக் குனியக் கூடாதுன்னு உத்தரவு, ராசா."

"உத்தரவா? என் காட்டுல எனக்குத் தெரியாம யார் போட்ட உத்தரவு?"

கரடியார் காகிதத்தை நீட்டினார். அரசருக்குப் படிக்கத் தெரியாது. வாசித்துக் காட்டும் வேலை நரியாருடையது. அவர் மகிழ்ச்சியோடு ஓடிவந்து, ஊருக்கே கேட்கும்படி உரக்கத் தொடங்கினார்: "இவர் இடுப்பு மாற்றப்பட்டவர். இவர் குனியலாகாது." அவை திகைத்தது. நரியார் மேலும் உரக்க வாசித்தார்: "இவரைக் குனியுமாறு கட்டாயப்படுத்துவோர்..." அங்கே அவர் குரல் கம்மியது. "...பின்விளைவுகளுக்குத் தாமே பொறுப்பு."

அப்படியொரு வாக்கியத்தை அந்தக் காடு அதுவரை கேட்டதில்லை. அரசர் முத்திரையைப் பார்த்தார். பச்சை மையைப் பார்த்தார். இத்தனை ஆண்டு தரையில் கிடந்தவன் இன்று நிமிர்ந்து நிற்கிறான் என்றால் பின்னால் எவ்வளவு பெரிய ஆள் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டார். "சரி சரி. நிக்க வேண்டாம், உக்காருங்க" என்றார். ‘இரு’ என்பதும் ‘உக்காரும்’ என்பதும் போய், அன்றுதான் அவர் வாயில் ‘உக்காருங்க’ வந்தது.

ஆவுடையம்மை நாற்காலியைப் போட்டாள். கரடியார் அமர்ந்தார். முழங்காலைவிட இடுப்பு உயர்ந்திருந்தது. அரசரின் பாறையைவிடக் கரடியார் ஒரு முழம் உயர்ந்திருந்தார்.

பாதி குனிந்து நின்றவர்களுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. இனித் தாங்காது என்ற நிலையில் நரியார்தான் வழிகண்டார். "அண்ணாச்சி, நல்லா இருக்கீயளா!" என்று கூவிக்கொண்டு கரடியாரின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். அவை முழுதும் நிம்மதியோடு பின்தொடர்ந்தது. அந்தக் கும்பிடு பாறைக்கா நாற்காலிக்கா என்பதை யாரும் கேட்கவில்லை, அரசரும் கேட்கவில்லை. முதலில் விழுந்தவர் நரியார்தான்; ஆனால் விழுந்தது கரடியாரின் காலில் என்பதால், மரத்தைக் கேட்க அவருக்கு வாயில்லை. தேன்மரம் கரடியாருக்கே நின்றது.

மாசி பிறந்தது. கரடியார் மறுபரிசோதனைக்குப் போனார். மரங்கொத்தி புதுப்படத்தைத் தூக்கிப் பார்த்து, "அருமையா ஒட்டியிருக்கு. இன்னும் மூணு வாரம். அப்புறம் நல்லாக் குனியலாம்" என்றது.

கரடியார் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அதை மட்டும் எழுதாதீங்க டாக்டர்."

வெளியே வந்தால் வரிசை ஓடைவரை நின்றது. மிளா நொண்டியது. காட்டெருமை நொண்டியது. நரியார் முதலில் இடக்காலையும், கரடியாரைக் கண்டதும் வலக்காலையும் நொண்டினார். இடுப்பே இல்லாத பாம்பும் ஒரு டோக்கன் வாங்கி வாயில் கவ்விக்கொண்டிருந்தது.

அன்று மாலையே அரசர் ஆளனுப்பிக் கரடியாரைத் தனியே அழைத்தார். கரடியார் நடைச்சட்டத்தோடு போனார். ‘குட்டு வெளிப்பட்டது, மரமும் போயிற்று’ என்றே நினைத்தார். அரசர் வேலையாட்களை வெளியே அனுப்பினார். பாறையிலிருந்து இறங்கி அருகே வந்தார். கீழைக்காட்டுப் பயணத்துக்கு இன்னும் ஒன்பது நாளே இருந்தது.

"எனக்கும்," என்றார் அரசர், இடுப்பின் இடப்பக்கத்தைத் தடவியபடி, "இங்கன லேசா ஒரு வலி மாதிரி இருக்கு, அண்ணாச்சி. அந்த மரங்கொத்தி எத்தனை மணிக்கு டோக்கன் குடுக்காரு?"

நீதி: முதுகெலும்பு இல்லையே என்று வருந்தற்க; முத்திரையிட்ட சான்றிதழ் ஒன்று இருப்பின் நிமிர்ந்து நிற்க அதுவே போதும்.

மேற்குச் சரிவில் கதை சொல்வோர் முடிவை வேறாகச் சொல்கின்றனர். அங்கே கரடியார் அவையில் விழுந்தே விடுகிறார், பந்து நழுவுகிறது, மரம் நரியாருக்குப் போகிறது. ஆண்டுகள் பல கழிந்து, முதற்கும்பிடு போட்டுப் போட்டு இடுப்புத் தேய்ந்த நரியார் மரங்கொத்தியின் வாசலுக்கு ஊர்ந்து வருகிறார். டோக்கன் கொடுக்கும் மேசைக்குப் பின்னே, உயரமான நாற்காலியில், கரடியார் அமர்ந்திருக்கிறார். ஆறு ஆரஞ்சுப் பழங்களை மேசைமேல் எடுத்து வைத்து, "சாப்பிடுங்க தம்பி, நேரமாகும்" என்கிறார். அப்பாடத்தில் நீதி சொல்லப்படுவதில்லை; நரியாரின் டோக்கன் எண் மட்டும் சொல்லப்படுகிறது. நூற்று நாற்பத்தேழு.