மூடிமேல் முளைத்த பிள்ளையார் சுழி

உ

ஆரியசாலை,
திருவனந்தபுரம்.

கோட்டாறு பாத்திரப் பட்டறை மாப்பிள்ளை செல்வகணேஷுக்கு அத்தான் கோலப்பன் ஆசீர்வாதம் கூறி எழுதுவது. இங்கு நானும் உம் அக்காள் நீலாம்பாளும் க்ஷேமம். எங்கள் மகள் அஞ்சு மட்டும் மூன்று நாளாக என்னோடு பேசுவதில்லை. அதற்கும் உமக்கும் சம்பந்தம் உண்டு, கேட்டுக்கொள்ளும்.

பெங்களூர் வேலையை விட்டுவிட்டு வந்து, கூட்டாளி அபிலாஷோடு சேர்ந்து அவள் இடியாப்பப் பாத்திரம் வடிவமைக்கிறாள் அல்லவா? கம்ப்யூட்டரில் ஒரே படம், எல்லோரும் அதிலேதான் திருத்த வேண்டும் என்பது அவள் சட்டம். "அப்பா, பேப்பர்ல தனியா யாரும் தொடப்பிடாது" என்றாள். சரி என்றேன். ஆனால் காலையில் தட்டு மூன்று, மத்தியானம் நான்கு, அபிலாஷ் உயரத்தைக் கூட்டினான், உம் அக்காள் துளையைச் சிறிதாக்கினாள், கடைசியில் அவனே வந்து "அங்கிளே, ஏதா லேட்டஸ்ட்?" என்று, கடைசிப் படம் எதுவென்று என்னிடம் கேட்கிறான். எனக்கு என்ன எழவு தெரியும்? எதற்கும் இருக்கட்டும் என்று ஒவ்வொன்றையும் அச்செடுத்து உமக்கு அனுப்பினேன். மொத்தம் ஏழு தாள்.

சுழி போடாத தாள் நம் கடை வாசலைத் தாண்டாது, உமக்கே தெரியும். ஏழிலும் போட்டேன், தாளின் தலையில், மூடிக்கு நேர் மேலே. நீர் என்ன செய்தீர்? கம்பியைச் சுழியாகவே வளைத்து, கீழே இரண்டு கோடும் வைத்து, மூடிமேல் பற்றவைத்து அனுப்பியிருக்கிறீர். போனில் கேட்டால், "சுழின்னு தெரியும் அத்தான். ஏழு தாள்லயும் மாறாம இருந்தது அது ஒண்ணுதான். வேற கைப்பிடியும் காணல்ல" என்கிறீர். கைப்பிடியை நாங்கள் யாருமே வரையவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

வியாழக்கிழமை கேண்டீன் நடத்தும் ஷீஜா வந்து பார்க்கிறார். அவருக்குப் பிடிக்காவிட்டால் பெங்களூருக்கே திரும்புவேன் என்கிறாள் அஞ்சு. உள்ளதைச் சொல்கிறேன் மாப்பிள்ளை, அவள் போய்விட்டால் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. ஆகவே சாதாரண உருண்டைக் குமிழ் வைத்த மூடி ஒன்றை உடனே அனுப்பும். அந்த ஏழு தாளையும் ஒழித்துவிடும். கிழிக்க வேண்டாம், சுழி இருக்கிறது, பழையாற்றில் விட்டுவிடும்.

உமக்கும் சூடாமணிக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு குறைவும் வராமல் வலியசாலை மகாதேவர் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
கோலப்பன்

பின்குறிப்பு: ஷீஜா இன்றே வந்துவிட்டார். ஆவி பறக்கிற மூடியை, கரண்டிக் காம்பைச் சுழிக்குள் விட்டுத் தூக்கினார். "கொள்ளாமல்லோ, கை பொள்ளத்தில்ல" என்று, நன்றாயிருக்கிறது, கை சுடாது என மலையாளத்தில் மெச்சி, இதே மாதிரி இருபது கேட்டார். அஞ்சு பேசிவிட்டாள். "அப்பா, இது எந்தப் படத்துல இருக்கு?" என்றாள். கம்ப்யூட்டரில் எதிலும் இல்லை. தாள்களை ஆற்றில் விட்டிருந்தால் ஓடிப்போய்ப் பிடியும். இந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு தாளில் எழுதியிருக்கலாம்தான், ஆனால் சுழி போட்டாயிற்று. இனி வரும் படத்தில் இரண்டு சுழி இருக்கும். மேலே இருப்பது சாமிக்கு, கீழே இருப்பது மூடிக்கு. தயவுசெய்து ஒன்றை மட்டும் பற்றவையும்.