பாரீசுக்காரர் ஏலம் கேட்ட வீடு

அரசாங்கத்திடம் தேவைக்கு மேல் இருக்கும் பொருளுக்கு உபரி என்று பெயர். அந்தப் பொருளுக்குள் மனிதர்கள் அடுப்பு மூட்டிச் சமைத்துக்கொண்டிருந்தாலும் உபரி உபரிதான். இந்தக் கொள்கைப்படி 2008ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், புதுச்சேரியில் மூடிக்கிடந்த எங்கள் ஆலையின் தொழிலாளர் குடியிருப்பு, அதாவது நாற்பத்திரண்டு வீடுகளும் ஒரு அடிபம்பும், உபரி அசையாச் சொத்து என்று அறிவிக்கப்பட்டன. அடிபம்பை எதற்காகச் சேர்த்தார்கள் என்று தெரியவில்லை. அது அசைந்தால்தான் தண்ணீர் வரும்.

வீடுகளை விற்பதற்கு உபரிச் சொத்து அகற்றுப் பிரிவு என்று ஒன்று திறந்தார்கள். கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி, மஞ்சள் சுவரும் ஆள் உயர ஜன்னலுமாக இருந்த கட்டடத்தில், அதன் கண்காணிப்பாளராக சக்கரபாணி அமர்ந்தார். இவர் ஹைதராபாத்துக்குப் போய் மூன்று நாள் பயிற்சி பெற்றவர். போகும்போது வெறுங்கையோடு போனவர், வரும்போது ஒரு தோள்பையும் ‘வெளிப்படைத்தன்மை’ என்ற சொல்லும் கொண்டுவந்தார். இனி தமுக்கு இல்லை, ஏலம் கூவுகிறவர் இல்லை, எல்லாம் இணையத்தில்தான் என்று அறிவித்தார்.

முதலில் ஏலத்துக்கு வந்தது பதினேழாம் எண் வீடு. அதில் குடியிருந்தவர் பலராமன். நூற்புப் பிரிவில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவர். ஆலை மூடியபோது கிடைத்த தொகையில் நாலரை லட்சத்தைத் தொடாமல் வைத்திருந்தார். பெண்ணுக்குக் கல்யாணம் செய்தபோதுகூட வெளியில் கடன் வாங்கினாரே தவிர அதைத் தொடவில்லை. குடியிருக்கும் வீடு தன் பேருக்கு ஆகவேண்டும் என்பது ஒன்றுதான் அவருடைய ஆசை. அரசு போட்ட ஆரம்ப விலை நாலு லட்சம். ஆகவே பணத்தை எடுத்துக்கொண்டு நேரே அலுவலகத்துக்குப் போனார்.

“ஐயா, நாலு லட்சம் கொண்டாந்துட்டேன். வூட்ட எம் பேருக்கு எழுதிக் குடுத்துடுங்க.”

சக்கரபாணி அவரை இரக்கத்தோடு பார்த்தார். “அப்படிச் செஞ்சா அது விற்பனை ஆயிடும், பெரியவரே. நாங்க விக்கறதில்ல. ஏலத்துல அகற்றுறோம். முதல்ல நீங்க சொத்தைப் பார்வையிட்டதா சான்று வேணும்.”

“அந்த வூட்லதாங்க இருவது வருசத்துக்கு மேல குடியிருக்கேன்.”

“குடியிருக்கறது வேற, பார்வையிடறது வேற. படிவத்துல பார்வையிட்டவர் ஒரு கையெழுத்து போடணும், திறந்து காட்டினவர் ஒரு கையெழுத்து போடணும். ரெண்டும் ஒரே ஆளா இருக்கக் கூடாது.”

மறுநாள் காலை பத்து மணிக்கு, அலுவலக ஊழியர் ஒருவர் புகைப்படக் கருவியோடு தெருவில் நிற்க, பலராமன் சட்டையை மாற்றிக்கொண்டு வெளியே வந்து தன் வீட்டுக் கதவைத் தானே தட்டினார். அவர் மனைவி பாக்கியலட்சுமி கதவைத் திறந்தார்.

“யாருங்க?” என்று கேட்கும்படி ஊழியர் அவருக்குச் சைகை காட்டினார். கேட்டார்.

“வூடு பாக்க வந்திருக்கேன்” என்றார் பலராமன், தலையைக் குனிந்துகொண்டு.

“வாங்க, நல்லா பாருங்க. பின்னாடி கொழாய் ஒழுவுது. ஆலை ஓடுன காலத்துலேந்து சொல்றேன், எங்கூட்டுக்காரரு காதுல ஏறவே இல்ல. புதுசா வர்ற நீங்களாச்சும் பாருங்க.”

இந்த உரையாடல் முடிந்து, சான்று முறைப்படி பெறப்பட்டது.

அடுத்த நிபந்தனை, ஏலத்தில் குறைந்தது இரண்டு பேராவது கலந்துகொள்ள வேண்டும் என்பது. ஒருவர் மட்டும் கேட்டால் ஏலம் ரத்து. பதினேழாம் எண் வீட்டை பலராமனைத் தவிர யாரும் சீந்தவில்லை. ஒழுகும் குழாயோடு ஓட்டு வீட்டை வேறு யார் வாங்குவார்கள்?

“அப்ப நீங்களே ஒரு போட்டியாளரைக் கூட்டிட்டு வாங்க” என்றார் சக்கரபாணி.

பலராமன் அரியாங்குப்பத்திலிருந்து தன் மைத்துனன் கொளஞ்சியைக் கூட்டிவந்தார். கொளஞ்சி பாக்கியலட்சுமிக்குத் தம்பி, அக்கா மேல் உயிர். ஏலம் என்றால் அவருக்கு உயிர் இரண்டாம் பட்சம். ஊர்க் கோயில் திருவிழாவில் சாமி வேலில் குத்திய எலுமிச்சம்பழத்தை ஏழாயிரத்து ஐந்நூறுக்கு எடுத்தவர். பழம் அழுகிவிட்டது, பேர் இன்னும் அழுகவில்லை. அவரிடம் பலராமன் தெளிவாகச் சொன்னார்:

“மாப்ள, நீ ஒரே ஒரு வாட்டி கேளு. நாலு பத்து. அப்புறம் நான் நாலு இருவது கேக்கறேன். நீ வுட்டுடு. முடிஞ்சுபோச்சு.”

“சரி மாமா. ஒரு வாட்டிதான்.”

இருவரும் ஆளுக்கு நாற்பதாயிரம் முன்பணம் கட்டினார்கள். கொளஞ்சி கட்டியது, வண்டிமாடு விற்ற காசு. ரசீது கொடுத்த கையோடு சக்கரபாணி குரலைத் தாழ்த்தி எச்சரித்தார்: “ஏலத்தன்னிக்கு நீங்க ரெண்டு பேரும் ஒரே எடத்துல இருக்கக் கூடாது. போன்ல பேசக் கூடாது. பேசினா அது கூட்டுச்சதி. உள்ள போயிடுவீங்க.”

போட்டியாளரைக் கூட்டிவரச் சொன்னவரும் அவரே, வந்தவர் நிஜமான போட்டியாளராக இருக்க வேண்டும் என்று பார்த்துக்கொண்டவரும் அவரே. வெளிப்படைத்தன்மை என்பது இதுதான் போலிருக்கிறது.

ஏலநாள் காலை பத்து மணிக்கு பலராமன் எங்கள் தெருமுனையில் செம்மல் நடத்தும் நெட் சென்டரில் உட்கார்ந்தார். கொளஞ்சி அரியாங்குப்பத்தில் ஒரு நெட் சென்டரில் உட்கார்ந்தார். இருவரும் சட்டத்துக்கு பயந்து கைப்பேசியை அணைத்துவிட்டார்கள். திரையில் யார் பேரும் வராது. தான் கேட்டால் ‘நீங்கள்’ என்று வரும், அடுத்தவர் கேட்டால் ‘மற்றொருவர்’ என்று வரும். பச்சைப் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் விலை பத்தாயிரம் ஏறும். பதினோரு மணிக்கு ஏலம் முடியும். ஆனால் கடைசி ஐந்து நிமிஷத்தில் யாராவது கேட்டுவிட்டால் இன்னும் ஐந்து நிமிஷம் நீளும்.

கொளஞ்சி சொன்னபடி ஒரே முறை அழுத்தினார். நாலு பத்து. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பலராமன் அழுத்தினார். நாலு இருபது.

இத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் எங்கள் பக்கத்து ஏலத்துக்கு ஒரு முறை உண்டு. கேட்ட விலையை ஏலம் கூவுகிறவர் மூன்று தரம் கூவி முடித்தால்தான் பொருள் கேட்டவருக்குச் சேரும். திரையில் ஒருதரம் சொல்லவும் ஆளில்லை, இரண்டு தரம் சொல்லவும் ஆளில்லை. பலராமனுக்கு மனசு கேட்கவில்லை.

“ரெண்டுதரம்” என்று வாய்விட்டுச் சொல்லி இன்னொரு முறை அழுத்தினார். “மூணுதரம்” என்று மறுபடி அழுத்தினார். நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். விலை நாலு நாற்பதில் நின்றது.

அரியாங்குப்பத்தில் கொளஞ்சி எழுந்து நின்றுவிட்டார். நாலு இருபது மாமா. சரி. நாலு முப்பது யார்? நாலு நாற்பது யார்? தன் விலைக்கு மேல் தானே கேட்கும் கிறுக்கன் உலகத்தில் இல்லை. ஆகவே வேறு யாரோ உள்ளே புகுந்துவிட்டான். அக்கா வீட்டைக் கொத்திக்கொண்டு போகப் பார்க்கிறான். எலுமிச்சம்பழத்துக்கே விட்டுக்கொடுக்காத கை அக்கா வீட்டுக்கு விட்டுக்கொடுக்குமா? அழுத்தினார். நாலு ஐம்பது.

இங்கே பலராமன் முகம் வெளுத்துவிட்டது. “கொளஞ்சி ஒரு வாட்டின்னா ஒரு வாட்டிதான். சொன்ன வார்த்த தவற மாட்டான். இது எவன்டா?”

செம்மல் எட்டிப் பார்த்தார். நெட் சென்டர் நடத்துகிறவருக்குத் தெரியாத விஷயம் கிடையாது. “பாரீசுண்ணா. எவனோ சொல்தா வூட்டுப் பையன் அங்கேந்து அமுக்குறான். அவனுக்கு ஈரோல சம்பளம். நம்ம நாலு லட்சம் அவனுக்கு ரெண்டு மாசக் காசு.”

சொல்தா எனும் பிரெஞ்சுப் பட்டாளத்து பென்ஷன் குடும்பத்தை நினைத்து ஏங்காத ஆள் எங்கள் ஊரில் கிடையாது. பலராமனுக்கும் அது உடனே பொருந்திவிட்டது.

“பாரீசுல இருக்கறவனுக்கு ஓட்டு வூடு எதுக்குடா?”

“சும்மா கேப்பானாண்ணா? அடியில ஏதாவது இருக்கும். இல்லன்னா ஐ.டி. பார்க் வருது. அவனுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும். வுடாதீங்க.”

பலராமன் விடவில்லை. ஒவ்வொரு முறையும் முறைப்படி மூன்று தரம் அழுத்தினார். கொளஞ்சி ஒவ்வொரு முறையும் ஒரு தரம் அழுத்தினார். பதினோரு மணி ஐந்து ஐந்து நிமிஷமாக நீண்டு ஒரு மணி ஆயிற்று. ஊரே கடையடைத்துச் சாப்பிட்டுத் தூங்கப் போனது. செம்மல் கதவைப் பாதி இறக்கிவிட்டு பலராமனுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். பத்து லட்சத்தைத் தாண்டியபோது தன்னிடம் அவ்வளவு பணம் இல்லை என்பது பலராமனுக்கு ஞாபகம் வந்தது. இருபது லட்சத்தைத் தாண்டியபோது மறந்துவிட்டது. அழுத்தாமல் விட்டால் வீடு போய்விடும் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரிந்தது.

இரண்டு மணி சுமாருக்கு அரியாங்குப்பத்தில் கரண்ட் போனது. கொளஞ்சி கறுத்த திரையை அறைந்து பார்த்தார். ஐந்து நிமிஷம் ஆனது. பதினேழாம் எண் வீடு முப்பத்தெட்டு லட்சத்து எண்பதாயிரத்துக்கு பலராமன் பேரில் முடிந்தது.

சாயங்காலம் கொளஞ்சி பஸ் பிடித்து வந்து, வாசலிலேயே உட்கார்ந்து அழுதார். “அக்கா, ஒன் வூட்ட வுட்டுட்டேன்க்கா. முப்பத்தெட்டு அம்பது வரைக்கும் போனேன். கரண்டு போயிடுச்சு.”

பலராமன் உள்ளேயிருந்து சிரித்துக்கொண்டே வந்தார். “அழுவாத மாப்ள, நாமதான் ஜெயிச்சோம்...” என்று ஆரம்பித்தவர் நின்றுவிட்டார். “முப்பத்தெட்டு அம்பது நீயா கேட்ட?”

“ஆமா மாமா. அந்த நாலு முப்பது கேட்ட திருட்டுப்பய மேல கேட்டேன்.”

“நாலு முப்பது நான்தான்டா. அது ரெண்டுதரம்.”

பின்னாடி குழாய் ஒழுகும் சத்தம் கேட்டது. கடைசியில் பாக்கியலட்சுமிதான் வாயைத் திறந்தார். “ஒருத்தன் எனக்காக வூட்டக் காப்பாத்துனான். இன்னொருத்தரு அவருக்காகக் காப்பாத்துனாரு. ரெண்டு பேரும் சேந்து காப்பாத்திக் காப்பாத்தி என்ன தெருவுல நிறுத்திட்டீங்க.” சொல்லிவிட்டு அவரும் அழுதார்.

மறுநாள் இருவரும் சக்கரபாணியிடம் போய் நடந்ததைச் சொன்னார்கள்.

“நீங்க ரெண்டு பேரும் ஏலத்தப்போ பேசிக்கிட்டீங்களா?”

“பேசலீங்க. அதாலதான் இந்த வெனையே.”

“பேசலைன்னா அது முறையான போட்டி. பேசியிருந்தா கேஸ். எது வேணும்னு நீங்களே சொல்லுங்க.”

சக்கரபாணி மேசையிலிருந்த ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டினார்.

“ஆரம்ப விலையைப் போல கிட்டத்தட்ட பத்து மடங்கு. மேலிடத்துலேந்து பாராட்டு வந்திருக்கு. ரெண்டு மாநிலத்துலேந்து குழு வந்து படிக்கப் போறாங்க. உங்க மேல எனக்கு வருத்தம் இருக்கு, பெரியவரே. ஆனா வருத்தத்தைப் பதிவு பண்ண அந்த சாஃப்ட்வேர்ல இடமில்ல.”

பலராமனால் பணம் கட்ட முடியவில்லை. அவருடைய நாற்பதாயிரம் பறிமுதலானது. அடுத்த விலை கேட்டவர் என்ற முறையில் கொளஞ்சிக்கு வீடு வழங்கப்பட்டது. அவரும் கட்டவில்லை. வண்டிமாடும் போயிற்று. நாற்பத்திரண்டு வீடுகளுக்கும் சந்தை மதிப்பு முப்பத்தெட்டு லட்சத்து எண்பதாயிரம் என்று நிர்ணயித்து, அதுவே இனி ஆரம்ப விலை என்று உத்தரவு வந்தது.

முதலில் நாங்கள் பலராமனை அடிக்கத்தான் கிளம்பினோம். நான் நாலாம் எண் வீட்டுக்காரன், மறைக்கவில்லை, நானும் போனேன். நாலு லட்சத்துக்கு வாங்கலாம் என்று ஒவ்வொருவரும் சேர்த்து வைத்திருந்தது வீணாயிற்றே. ஆனால் போகிற வழியில் எட்டாம் எண் வீட்டு அமுதவல்லி ஒரு கேள்வி கேட்டார்: “அப்ப எங்கூடு முப்பத்தொம்போது லட்சமா?”

எல்லோரும் நின்றோம். திரும்பி அவரவர் வீட்டைப் பார்த்தோம். அன்று வரை அது ஓட்டு வீடாகத்தான் இருந்தது.

அதன் பிறகு பாரீசுக்காரரை யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. பலராமன் பாவம், வாசலில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவரிடம் எல்லாம், “பாரீசும் இல்ல ஒண்ணும் இல்ல, நானும் எம் மச்சானுந்தான்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் நாலு பேர் போய், தெருவின் மதிப்பைக் கெடுக்க வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லி வாயை அடைத்தோம். விழுப்புரத்திலிருந்து என் பெண்ணைப் பார்க்க வந்தவர்களிடம் நானே, “வீட்டை பாரீசிலேந்து கேக்கறாங்க, நான்தான் யோசிக்கறேன்” என்றேன். என்னுடையதாக இல்லாத வீட்டுக்கு நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

மார்கழியில் ஒருநாள், கழுத்தில் கேமராவோடு ஒரு வெள்ளைக்காரர் வழிதவறி எங்கள் தெருவுக்குள் வந்தார். நாற்பத்தொரு கதவுகள் ஒரே சமயத்தில் திறந்தன. எனக்குத் தெரிந்த பிரெஞ்சு முழுவதும் ‘போன்ழூர் முசியே’ என்பதால் அதையே மூன்று தரம் சொல்லி அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன். அறையைக் காட்டினேன், பரணைக் காட்டினேன், அலுவலகத்திலிருந்து வாங்கி வைத்திருந்த பார்வையிட்ட சான்றுப் படிவத்தை நீட்டினேன். என்னவோ மனு என்று நினைத்து அந்த நல்ல மனிதர் கையெழுத்துப் போட்டார். வரிசையாக எல்லா வீட்டிலும் போட்டார். கடைசியில் களைத்துப்போய் பலராமன் வாசலில் தண்ணீர் கேட்டார். பாக்கியலட்சுமி ஒரு சொம்பு கொடுத்தார். அவர் மட்டும் படிவம் நீட்டவில்லை. குடித்துவிட்டு வெள்ளைக்காரர் பஸ் ஸ்டாண்டுக்கு வழி கேட்டுப் போய்விட்டார்.

நாற்பத்தொரு சான்றுகளையும் நாங்களே ஊர்வலமாகக் கொண்டுபோய் சக்கரபாணியிடம் கொடுத்தோம். அவர் எழுந்து நின்று வாங்கிக்கொண்டார்.

பொங்கல் கழித்து உத்தரவு வந்தது. வெளிநாட்டவரின் ஆர்வம் ஆவணபூர்வமாக நிரூபணமாகியிருப்பதால், குடியிருப்பின் ஆரம்ப விலை மேலும் பத்து சதவீதம் உயர்த்தப்படுகிறது. ஏலம் கேட்க விரும்பாதவர்கள் மூன்று மாதத்துக்குள் காலி செய்ய வேண்டும். ஆதாரமாக ஒரு சான்றின் நகலையும் உத்தரவோடு இணைத்து வீட்டுக்கு வீடு ஒட்டியிருக்கிறார்கள். நாலாம் எண் வீட்டுச் சான்று அது. திறந்து காட்டியவர் என்ற இடத்தில் என் கையெழுத்து தெளிவாக விழுந்திருக்கிறது.