எக்சோஸுக்குள் ஒன்பது உருண்டை

காரின் சத்தத்தை வைத்துத்தான் ஓர் ஆணை மதிப்பார்கள் என்று இருபத்தாறு வயதுவரை நம்பியவன் நான். (எங்கள் தெரு நாய்கள் மதித்தன. எழுந்து ஓடின.) ஈப்போவில் வேலை கிடைத்ததும் ஒரு பழைய காரை வாங்கி, நண்பன் குமாரின் பட்டறையில் அகல வாய் எக்சோஸ் புகைக்குழாய் மாட்டினேன். சுங்காயில் அப்பா வீட்டுக்குப் போனால், நான் வருவது பக்கத்து எண்ணெய்ப்பனைத் தோட்டம்வரை தெரியும்.

கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது அந்தச் சத்தத்துக்காகப் போலீஸ் பிடித்தது. சோதனையில் தேறும்வரை காரை ஓட்டக் கூடாது என்று தாள் கொடுத்தார்கள். விஷயம் நான் கட்டப்போகும் மாலாவின் அப்பாவுக்குப் போனது. அவர் ஆயர் தாவாரில் பள்ளி வேன் ஓட்டுபவர். வேனை அடிக்கடி சோதனைக்குக் கொண்டுபோய்ப் பழகியவர். எக்சோஸ் துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது என்று அவரிடம் கூசாமல் சொன்னேன். பாவம், நம்பினார்.

"நானும் கூட வாரேன் தம்பி. அங்க எல்லாரும் எனக்குப் பழக்கம்லா" என்றார்.

குமாரிடம் ஓடினேன். கழற்றிய பழைய குழாயை அவன் எப்போதோ இரும்புக் கடைக்குப் போட்டிருந்தான். பாத்திரம் தேய்க்கும் கம்பிநாரில் ஓர் உருண்டை அடைத்தால் சத்தம் அமுங்கும் என்றான். நான் ஒன்பது அடைத்தேன்.

கார் தையல் மெஷின்போல் போனது. மாமா பஸ்ஸில் ஈப்போ வந்து, வெள்ளைச் சட்டையில் ஏறிக்கொண்டார். சோதனை நிலையத்து மலாய் அதிகாரியிடம், வரப்போகிற மருமகன் என்று என்னைப் பெருமையாகக் காட்டினார். அதிகாரி புகை அளக்கும் கம்பியைக் குழாய்க்குள் விட்டார், பாதியில் நின்றது. என்ன தடுக்கிறது என்று மாமா குனிந்தார். அதிகாரி என்னை எண்ணெய்ப் பெடலை மிதிக்கச் சொன்னார். மிதித்தேன்.

கார் ஒருமுறை இருமியது. கரி பிடித்த உருண்டைகள் மாமாவின் நெஞ்சில் போய் மோதின. பின்னாலேயே அந்தப் பழைய உறுமல். வரிசையிலிருந்த லாரிக்காரர்கள் இறங்கி வந்துவிட்டார்கள். கண்ணாடியில் பார்த்தேன். சட்டையெல்லாம் கறுப்பாக, மாமா ஓர் உருண்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இது பாத்திரம் தேய்க்கிறதுலா?"

கார் தேறவில்லை. பஸ் நிலையம்வரை அந்தச் சத்தத்தில் யாரும் பேச முடியவில்லை. கடவுள் அன்று செய்த ஒரே உதவி. இன்ஜினை நிறுத்தியதும் அவர் மெதுவாகச் சொன்னார்: "கல்யாணத்துக்கு முன்னாடி வேற என்னா சொல்லணுமோ, இப்பவே சொல்லிருங்க."

எல்லாவற்றையும் கொட்டினேன். லைசென்ஸ் மூன்றாவது தடவைதான் கிடைத்தது, சமைக்கத் தெரியும் என்று மாலாவிடம் சொன்னது பொய், கொஞ்ச நாள் சிகரெட் பிடித்தேன். (அவர் கேட்காததையும் சொன்னேன்.) கறுத்த சட்டையோடு பஸ் ஏறினார்.

இரண்டு நாள் போன் இல்லை. கல்யாணம் முடிந்த கதை என்று நினைத்து, அழைப்பிதழ் கொடுத்த வீடுகளை எண்ணிக்கொண்டு படுத்திருந்தேன். மூன்றாம் நாள் மாமா கூப்பிட்டார். நல்ல எக்சோஸ் ஒன்று பார்த்து வைத்திருக்கிறாராம், வந்து மாட்டிக்கொண்டு போகச் சொன்னார்.

இப்போது எங்களிடம் இருப்பது மின்சார கார். அதற்குப் புகைக்குழாயே கிடையாது. ஆனாலும் ஆயர் தாவாரிலிருந்து கிளம்பும்போதெல்லாம் மாமா காருக்குப் பின்னால் போய்க் குனிந்து தேடுகிறார். ஒன்றும் இல்லை என்றதும் சந்தேகம் கூடி, மகளிடம் மட்டும் சொல்லுகிறார்:

"எங்கயோ மறச்சு வச்சிருக்காரு. நீ கேளு."