செத்த மாடு புரண்டு படுத்த கதை

நெற்றி நிறையத் திருநீறு பூசியவன் பொய் சொல்ல மாட்டான் என்று எங்கள் சங்கரன்கோவிலில் இன்னும் சிலர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையில் ஓட்டை போட்டவன் நான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் செவலை என்று ஒரு கறவை மாடு இருந்தது. பால் சங்கத்தில் என் மனைவி பேரில் கடன் வாங்கிப் பிடித்த மாடு. விசைத்தறியில் எனக்கு வருகிற கூலி வாடகைக்கும் அரிசிக்கும் சரியாகப் போய்விடும். பிள்ளைகள் படிப்பெல்லாம் செவலையின் மடியில்தான் நடந்தது. கடன் கொடுத்தபோதே சங்கத்தில் மாட்டுக்கு இன்சூரன்ஸ் போட்டு, இடது காதில் நம்பர் அடித்த மஞ்சள் வில்லை ஒன்றை மாட்டிவிட்டார்கள். மாடு செத்தால் ஆபீசர் வந்து காதைப் பார்த்து, போட்டோ எடுத்து, வில்லையை வெட்டிக்கொண்டு போவார். கடன் அடைந்துவிடும்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் எனக்கு முருகேசன் என்று ஒரு மச்சினன் இருக்கிறானே.

அவன் அப்போதுதான் வேறொரு இன்சூரன்ஸ் கம்பெனியில் ஏஜெண்டாகச் சேர்ந்திருந்தான். மாசம் இத்தனை பாலிசி பிடிக்காவிட்டால் வேலை போய்விடும் என்று என் வீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டான். முதல் தவணையைத் தானே கட்டுவதாகவும் சொன்னான். ஒரு மாட்டுக்கு இரண்டு தடவை போடலாமா என்று கேட்டேன்.

"அத்தான், நம்ம கோயில்ல சாமியே ஒரே உடம்புல ரெண்டு பேரு. வலது பக்கம் சிவன், இடது பக்கம் பெருமாள். மாட்டுக்கு ரெண்டு கம்பெனி இருந்தா என்ன குத்தம்?"

ஒன்பதாம் வகுப்பில் பெயிலானவனுக்கு இதைவிடப் பெரிய சாஸ்திரம் வேண்டுமா? அன்றே செவலையின் வலது காதில் ஒரு நீல வில்லை ஏறியது. வில்லை மாட்டியதும் அவனே, இடது காது தெரியாமல் போட்டோ எடுத்ததும் அவனே. பாரத்தில் 'வேறு இன்சூரன்ஸ் உண்டா' என்ற இடத்தில் 'இல்லை' என்று அவன் எழுதினான். கீழே நான் கையெழுத்துப் போட்டேன். (கையெழுத்து மட்டும் எனக்கு நன்றாக வரும்.)

அந்த வருஷம் ஆடித் தபசு முடிந்ததும் அன்னதானத்தில் ஒரு குண்டா சோறு மிஞ்சியது. பசுவுக்குக் கொடுத்தால் புண்ணியம் என்று நானே தூக்கிவந்து செவலைக்கு வைத்தேன். அதுவும் வழித்துத் தின்றது. மாட்டு வயிற்றுக்கு அத்தனை சோறு ஆகாது என்பது, மறுநாள் டாக்டர் வந்து திட்டியபோதுதான் எனக்குத் தெரியும். இரண்டு நாள் ஊசி போட்டும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் விடிகிற நேரத்தில் செவலை போய்விட்டது.

என் மனைவி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அது திட்டுவதைவிடக் கொடுமையாக இருந்தது. அவள் தலையில் இருக்கும் கடனையும் இறக்கி, இன்னொரு மாடும் வாங்கிக் கொடுத்துவிட வேண்டும் என்று எனக்கு வெறி வந்துவிட்டது. அதற்கு இரண்டு பாலிசியும் வேண்டும். டாக்டரிடம் சர்டிபிகேட் வாங்கி இரண்டு கம்பெனிக்கும் போன் போட்டோம். முருகேசனின் கம்பெனி ஆபீசர் ஒன்பது மணிக்கு வருவதாகச் சொன்னார். சங்கத்து இன்சூரன்ஸ் ஆபீசர் பதினொரு மணிக்கு. அம்மனே நேரம் குறித்துக் கொடுத்த மாதிரி இருந்தது.

செவலை இடது பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. நீல வில்லை மேலே, மஞ்சள் வில்லை தலைக்கு அடியில். முதல் ஆபீசர் சின்ன வயசுக்காரர். வந்தார், போட்டோ எடுத்தார், நீல வில்லையை வெட்டிக் கவரில் போட்டார், எனக்கு ஆறுதல் சொன்னார், போனார்.

இனி மாட்டைத் திருப்ப வேண்டும். பக்கத்துத் தறியிலிருந்து நாலு பேரை, குழிக்கு இழுக்க என்று சொல்லிக் கூட்டிவந்தான் முருகேசன். செத்த மாடு இவ்வளவு கனக்கும் என்று எந்தக் கம்பெனிக்காரனும் சொல்வதில்லை. வயிறு வேறு அண்டாவாக உப்பியிருந்தது. கால்களில் கயிறு கட்டி, "ஏலே, இழுங்கலே" என்று மூச்சுப் பிடித்து இழுத்ததில் செவலை பாதி புரண்டு, நாலு காலும் வானத்தைப் பார்க்க மல்லாந்து நின்றது. இந்தப் பக்கமும் விழவில்லை, அந்தப் பக்கமும் விழவில்லை.

அப்போது சந்துக்குள் பைக் சத்தம் கேட்டது.

முதல் ஆபீசர் போகிற வழியில் டீக்கடையில் நின்றிருக்கிறார். பெரியவர் ஒருவர் அங்கே 'மாடு செத்த வீடு எது' என்று வழி கேட்டிருக்கிறார். அவர்தான் இரண்டாவது ஆபீசர். சீக்கிரமே வந்துவிட்டார். இருவரும் பேச்சுக் கொடுத்து, சந்தேகப்பட்டு, ஒரே பைக்கில் வந்து இறங்கினார்கள்.

சின்னவர் மாட்டைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அண்ணாச்சி, நான் போறப்ப மாடு அந்தப் பக்கம்லா சாஞ்சு கிடந்துச்சு?"

முருகேசனைத் தேடினேன். வைக்கோல் போருக்குப் பின்னால் அவன் செருப்பு மட்டும் தெரிந்தது.

"ஒரே பக்கமா கிடந்தா அதுக்கு வலிக்கும்லா சார்" என்றேன்.

"செத்த மாட்டுக்கா?"

கயிறு பிடித்த நாலு பேரில் ஒருவன் சிரித்துப் பிடியை விட, மாடு ஒரு குலுங்கு குலுங்கியது. சின்னவர் இரண்டடி பின்னால் குதித்தார். பெரியவர் அசையவில்லை. அவர் நெற்றியிலும் என்னைப் போலவே மூன்று பட்டை. "ஒரு மாட்டுக்கு ஒரு பாலிசிதான்னு கோமதியம்மன் மேல சத்தியம் பண்ணும்வே. நான் எழுதிட்டுப் போறேன்" என்றார்.

வாயைத் திறந்தேன். வெள்ளிக்கிழமை தவறாமல் அவள் சன்னதியில் நிற்கிற வாய். காற்றுதான் வந்தது. பொய் சொன்னால் அம்மனிடம் போச்சு, உண்மை சொன்னால் இரண்டு பாலிசியும் போச்சு. இல்லாத மாட்டுக்கு என் மனைவி வருஷக்கணக்கில் கடன் கட்ட வேண்டும்.

என் மனைவிதான் முன்னால் வந்தாள். "சார், ரெண்டு காதுலயும் வில்லை இருந்துச்சு. எழுதுனது என் தம்பி, கையெழுத்துப் போட்டது இவுக. என்ன வேணா பண்ணிக்கிடுங்க. முதல்ல அந்த மாட்டைக் கீழ விடச் சொல்லுங்க. பாவம், எம்புட்டு நேரம் இப்படி நிக்கும்?"

நாலு பேரும் மெதுவாகக் கயிற்றைத் தளர்த்தினார்கள். செவலை பொத்தென்று சாய்ந்தது. மஞ்சள் வில்லை மேலே வந்தது.

அதற்குப் பிறகு நான் எதையும் மறைக்கவில்லை. சாமி ஒரே உடம்பில் இரண்டு பேர் என்று முருகேசன் சொன்னதைக்கூடச் சொன்னேன். பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. பிறகு, சங்கத்துப் பாலிசி முதலில் போட்டது, அதில் பொய் இல்லை, அது நிற்கும் என்றார். இரண்டாவது வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் கேஸ் இல்லாமல் முடிக்கத் தானும் மேலே சொல்லிப் பார்ப்பதாகச் சின்னவரும் இறங்கி வந்தார். எழுத்துப் பிழைகளோடு ஒரு பக்கம் எழுதினேன். மேலே 'சிவமயம்' போட்டேன். பெரியவர் எட்டிப் பார்த்து, "பெருமாளை ஏன்வே விட்டுட்டீரு?" என்றார்.

கடன் அடைந்தது. வேறு மாடு வாங்க மூன்று வருஷம் ஆனது. முருகேசன் வேலையை விட்டுவிட்டு இப்போது ராஜபாளையம் ரோட்டில் இளநீர் விற்கிறான். எத்தனை காய் இருந்தாலும் ஒரு காயை ஒரு தடவைதான் விற்க முடியும் என்பதால் பிழைத்துக்கொண்டான்.

போன தை மாதம் எனக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தது. மறுநாள் நர்ஸ் ஊசியோடு வந்து, திரும்பிப் படுக்கச் சொன்னாள். வலியில் முனகிக்கொண்டே பாதி திரும்பினேன். வார்டு வாசலில் என் மனைவியோடு நின்ற முருகேசன் கேட்டான்:

"யக்கா, ரெண்டாவது ஆபீசர் வந்துட்டாரா?"

சிரிக்கக் கூடாது, தையல் பிரிந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். என் மனைவிக்கு யாரும் அப்படிச் சொல்லியிருக்கவில்லை.