காலியாக வந்த டப்பா

டப்பா காலியாகத்தான் வந்தது. தினமும் வழித்துத் துடைத்த மாதிரி வந்தது. ஆனால் முத்துச்செல்வியின் ரத்த அளவு மட்டும் ஏறவே மாட்டேன் என்றது. போன மாதம் ஒன்பதரை, இந்த மாதம் ஒன்பது. அவள் கணவன் சக்திகுமார் பரிசோதனைச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பின்பக்கம் ஒன்றுமில்லை.

அவனுக்குப் பயம். முதல் கர்ப்பம் மூன்றாம் மாதமே கலைந்துபோனது. அந்த வாரம் முழுக்க அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்ததை அவன் இன்னும் மறக்கவில்லை. இது ஐந்தாம் மாதம். இதையும் கோட்டை விட்டுவிடக் கூடாது.

ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனியில் அவனுக்குத் தரச் சோதனை வேலை. குறை என்று ஒன்று கண்ணில் பட்டால் அடியோடு ஒழிக்க வேண்டும் என்பது அங்கே பாடம். நர்ஸ் செந்தாமரை, ஊறுகாய் அப்பளத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சொன்னார், அவ்வளவுதான். நம்ம ஆள் அறைக்கு வந்ததும் உப்பு ஜாடியையே பக்கத்து அறைக்குத் தானம் பண்ணிவிட்டான்.

விடியுமுன் எழுந்து முருங்கைக்கீரை ஆய்ந்து, பாசிப்பருப்பு போட்டு வேகவைத்து, அவள் வேலைக்குப் போகும் கம்பெனி பஸ் வருவதற்குள் அவள் பையில் வைத்துவிடுவான். ராத்திரி அவளுக்குக் கடை இட்லி இரண்டுக்கு மேல் இறங்காது. அவனுக்குச் சாப்பாடு கேன்டீனில். தான் சமைத்ததை அவன் வாயில் வைத்துப் பார்த்ததே இல்லை.

ஒன்பதைப் பார்த்த அன்றே பெரிய டப்பா வாங்கினான். கீரை இரட்டிப்பானது. அடுத்த மாதம் எட்டரை. முளைகட்டிய பயறு சேர்ந்தது, பீட்ரூட் சேர்ந்தது, சாப்பாட்டோடு குடிக்கும் டீ நின்றது. டப்பா பளபளவென்று வந்தது. ரத்தம் எட்டு புள்ளி ஒன்று.

"இதுக்கும் கீழ போச்சுன்னா ரத்தம் ஏத்தணும்பா," என்றார் செந்தாமரை. "கட்டிக் குடுத்தா மட்டும் போதுமா? பக்கத்துல குந்திகினு, சாப்புடறாங்களான்னு பாரு."

அன்று மாலை அவன் கேட்டான். "செல்வி, உண்மையச் சொல்லு. சாப்பிடுதியா?"

"டப்பாவத்தான் தெனமும் பாக்கீகள்ல," என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

மறுநாள் லீவு போட்டான். சுடச்சுடக் கீரையும் பயறும் எடுத்துக்கொண்டு, மதிய இடைவேளைக்கு வல்லம் வடகாலில் அவள் கம்பெனி கேட்டில் போய் நின்றான். கையால் ஊட்டியாவது விடுவது என்று முடிவு. வாட்ச்மேன் டில்லிபாபு உள்ளே விடவில்லை. வெளியே புங்கமரத்தடியில் அவருடைய ஆடு இரண்டு குட்டிகளோடு படுத்திருந்தது. டப்பாவைக் கண்டதும் அது எழுந்து நேரே அவனிடம் வந்தது.

டில்லிபாபு ஆட்டைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார், அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "முத்துச்செல்வி வூட்டுக்காரரா நீ? காலைல பஸ்ஸ வுட்டு எறங்குனதும் அந்தப் பொண்ணு இதுக்குத்தான் வெச்சிட்டுப் போவும். ரெண்டு குட்டியும் எப்படிக் கொழுகொழுன்னு கீது பாரு."

சக்திகுமார் குட்டிகளைப் பார்த்தான். இத்தனை மாதம், இத்தனை கீரை. அதற்குள் முத்துச்செல்வியும் கேட்டுக்கு வந்துவிட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"தூக்கத்தக் கெடுத்து நீங்க ஆக்கித் தந்தத, வேண்டாம்னு சொல்ல வாய் வரலங்க."

"நல்ல சாப்பாடுட்டி. ஆடே திங்குது. உனக்கு மட்டும் ஏன் எறங்கல?"

டில்லிபாபுதான் பதில் சொன்னார்.

"அதுவும் மொதல் நாளு மோந்து பாத்துட்டு மூஞ்சத் திருப்பிக்கிச்சுபா. நான் மேல கொஞ்சம் உப்பு தூவுனப்புறந்தான் வாய வெச்சுது."